வழிநடைப் பேச்சு



என் இளமைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கல்லூரியில் சேர்வதற்காக நான் முதன்முதலில் ஊரை விட்டுப் புறப்பட்ட நாள் அது. எங்கள் ஊருக்கும் புகைவண்டி நிலையத்துக்கும் இடையே மூன்று கல் தொலைவு. விடியற்காலை வண்டியைப் பிடித்தாக வேண்டும். தகரப் பெட்டியைத் தந்தையார் தோளில் ஏற்றிக்கொண்டார். படுக்கைச் சுருளை நான் எடுத்துக்கொண்டேன். அவர் முன்னே நடந்தார். நான் பின்னே நடந்தேன்.

என் தந்தையார் மிகுதியாகப் பேசாதவர். அவர் திண்ணையில் இருந்தால் பிள்ளைகளாகிய நாங்கள் உள்ளே இருப்போம். அவர் உள்ளே வந்தால் நாங்கள் திண்ணைக்குப் போய்விடுவோம். அதனை மரியாதை என்று எண்ணியிருந்தோம். அதில் பாதி மரியாதை. பாதி, ஒருவரையொருவர் அறியாமை என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஏரிக்கரையை அடைந்ததும் பாதை அகன்றது. நான் அவருக்கு இணையாக நடக்கத் தொடங்கினேன். கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், என்னைத் திரும்பிப் பாராமலே, பேசலானார். தாமும் ஒரு காலத்தில் மேலே படிக்க விரும்பியதாகவும், வீட்டு நிலைமையால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஏர் பிடிக்க நேர்ந்ததாகவும், அந்த ஆண்டு முழுவதும் பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்து வந்ததாகவும் கூறினார். பதினேழு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் நான் அறியாத செய்தி அது. மேலும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் நிலையத்தின் கைகாட்டி மரம் கண்ணிற் பட்டது. அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

வீட்டில் பதினேழு ஆண்டுகளில் நிகழாதது, ஏரிக்கரையில் ஒரு நாழிகைப் பொழுதில் நிகழ்ந்தது எப்படி? இந்த வினா பல ஆண்டுகள் என் உள்ளத்தில் இருந்தது. அதற்கு நான் கண்ட விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மனிதர் ஒருவரையொருவர் நெருங்குவதற்கு வழிகள் பல உண்டு. கடிதம் எழுதுகிறோம், விருந்து வைக்கிறோம், விழாவில் கூடுகிறோம், இக்காலத்தில் கைப்பேசி வழியே கடல் கடந்தும் முகம் பார்த்துப் பேசுகிறோம். இவை அனைத்தும் நல்லவையே. ஆயினும் இவற்றினும் எளியது, பழமையானது, பொருட்செலவு இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் ஒருவரோடு உடன் நடந்து பேசுவது. எளிதாக இருப்பதனாலேயே அதன் அருமை நமக்குத் தோன்றுவதில்லை.

நடந்து பேசுவதில் அப்படி என்ன சிறப்பு? மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, நோக்கும் திசை. ஒருவரை எதிரே அமர்த்திப் பேசும்போது கண்கள் எதிரெதிர் நிற்கின்றன. வழக்குமன்றத்தை நினைத்துப் பாருங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அறையை நினைத்துப் பாருங்கள். அங்கெல்லாம் ஒருவர் கேட்பவர். மற்றவர் விடை கூறக் கடமைப்பட்டவர். இடையே ஒரு மேசையும் இருந்துவிட்டால், இருவரும் இரு கரையினர் ஆகிவிடுகின்றனர். உடன் நடப்போர் நிலை அவ்வாறன்று. இருவர் முகமும் ஒரே திசையை நோக்குகின்றன. சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லும்போது, கேட்பவரின் முகக் குறிப்பை ஆராய வேண்டிய தேவை இல்லை. சொல்லை வழியின்மேல் வைத்துவிடலாம். மற்றவர் அதனை மெல்ல எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மௌனம். ஓர் அறையில் இருவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனம் சுமையாகிறது. எதையாவது பேசி அதனை அகற்ற முயல்கிறோம். அவ்வாறு பேசும் பேச்சு பெரும்பாலும் வெறும் பேச்சாகவே இருக்கும். நடக்கும்போது மௌனம் உறுத்துவதில்லை. கால்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. மரம் வருகிறது, மாடு வருகிறது, மதகு வருகிறது. உள்ளத்தில் ஆழ்ந்து கிடக்கும் சொல் மேலே எழுந்துவர நேரம் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமர்ந்திருக்கும்போது தோன்றுவதைவிட நடக்கும்போது மனிதர்க்குப் புதிய எண்ணங்கள் மிகுதியாகத் தோன்றுவதைக் காட்டியது. நம் முன்னோர் ஆய்வு செய்யாமலே அனுபவத்தில் கண்ட உண்மை இது.

மூன்றாவது, நடையின் வேகம். இருவர் இணைந்து நடக்க வேண்டுமானால், விரைந்து நடப்பவர் தம் விரைவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாட்டியின் கையைப் பற்றிக் கோயிலுக்குச் செல்லும் பேரனைப் பாருங்கள். அவன் தன் இளமையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவளுடைய முதுமைக்கு ஏற்ப அடி எடுத்து வைக்கிறான். அன்பு என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ? இணைந்து நடக்கும் வழியில் மெல்ல நடப்பவரே தலைவர். வாழ்க்கையில் வேறெங்கும் நாம் இவ்வாறு நடந்துகொள்வது அரிது.

இம்மூன்றும் சேர்ந்து செய்யும் வேலையை நம் இலக்கியத்திலேயே காணலாம். சிலப்பதிகாரத்தை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். கோவலன் மாதவியைப் பிரிந்து தன் மனைக்குத் திரும்புகிறான். குன்று போன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டமைக்கு நாணுவதாகக் கண்ணகியிடம் கூறுகிறான். அப்போது அவள் என்ன செய்தாள்? அவனைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் பொருள் தேவைப்படுகிறது போலும் என்று எண்ணி, தன் காற்சிலம்பு இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். எத்தனை ஆண்டுத் துயரம் அந்த நெஞ்சில் இருந்திருக்கும்! அந்த மாளிகைக்குள் அதற்கு வாய் பிறக்கவில்லை.

பொழுது புலர்வதற்கு முன்பே இருவரும் புகாரை விட்டு நடக்கத் தொடங்குகின்றனர். வண்டி இல்லை, பல்லக்கு இல்லை. மாளிகையில் வளர்ந்த அவள் அடிகள் கொப்புளிக்கின்றன. சிறிது தொலைவிலேயே களைத்து, மதுரை எங்கே இருக்கிறது என்று குழந்தைபோலக் கேட்கிறாள். தொலைவு மிகுதி என்பதை மறைத்து, அண்மையில்தான் என்று தோன்றும்படி அவன் விடை கூறுகிறான். வழியிற் கவுந்தி அடிகள் துணையாகிறார். சோலையும் காடும் ஆறும் கடந்து மதுரையின் புறத்தே ஆயர் சேரியை அடைகின்றனர்.

அங்கேதான் அது நிகழ்கிறது. உணவு உண்ட பின், கோவலன் தான் செய்த பிழைகளை எண்ணி வாய்விட்டு வருந்துகிறான். எழுக என்று சொன்னவுடன் மறுக்காமல் எழுந்து வந்தாயே என்று நெகிழ்கிறான். கண்ணகியும் அன்றுதான் பேசுகிறாள். இல்லறக் கடமைகளை இழந்து நின்றதையும், மாமனும் மாமியும் வந்தபோது பொய்ச் சிரிப்பால் துயரத்தை மறைத்ததையும், அவன் ஒழுக்கம் பெரியோர் போற்றத் தக்கதாய் இல்லை என்பதையும் ஒளிவின்றிக் கூறுகிறாள். மாளிகையிற் பிறவாத சொல், நாட்கள் பல உடன் நடந்த பின் பிறந்தது. சிலம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு சென்ற கோவலன் உயிரோடு திரும்பவில்லை. அன்று அவர்கள் பேசாதிருந்தால், பின்னர் என்றுமே பேசியிருக்க இயலாது. இக்காப்பியத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த வழிநடைக்கு நான் நன்றி செலுத்துவதுண்டு.

இது காப்பியம், வாழ்க்கையில் இவ்வாறு நடக்குமோ என்று நீங்கள் கேட்கலாம். ஆகையால் அண்மைக் காலத்து வரலாறு ஒன்றைச் சொல்கிறேன். அறிவியல் பயிலும் மாணவர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும்.

1922-ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஜெர்மனியில் கெட்டிங்கன் என்னும் பல்கலைக்கழக நகரம். டென்மார்க்கு நாட்டுப் பேரறிஞர் நீல்ஸ் போர், அணுவின் அமைப்பைப் பற்றி அங்கே தொடர்ச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது வயது 36. அந்த ஆண்டிலேயே நோபல் பரிசும் அவரை நாடி வந்தது. மண்டபத்தில் ஜெர்மனியின் பெயர் பெற்ற அறிஞர் பலர் அமர்ந்திருந்தனர். மியூனிக் நகரிலிருந்து தம் ஆசிரியருடன் வந்திருந்த மாணவர் ஒருவரும் இருந்தார். அவருக்கு வயது 20. பெயர் வெர்னர் ஹைசன்பெர்க்.

ஒரு நாள் சொற்பொழிவு முடிந்ததும் அந்த மாணவர் எழுந்தார். நீல்ஸ் போர் ஏற்றுப் பாராட்டிய ஒரு கணக்கீட்டில் தமக்கு உடன்பாடு இல்லை என்று கூறிக் காரணமும் காட்டினார். அந்தக் கட்டுரையை அவர் மியூனிக்கில் ஊன்றிப் படித்திருந்தார். பேராசிரியர் விடை கூறினார். ஆனால் அந்த விடையில் ஒரு தயக்கம் தெரிந்தது.

இத்தகைய நேரத்தில் பெரியவர் ஒருவர் என்ன செய்யக் கூடும்? இளைஞனின் துடுக்கை எண்ணிச் சினக்கலாம். இனிய சொல்லால் தட்டிக் கழிக்கலாம். நீல்ஸ் போர் இரண்டும் செய்யவில்லை. கூட்டம் கலைந்ததும் அந்த மாணவரிடம் தாமே வந்தார். அன்று பிற்பகல் ஊருக்கு அருகிலுள்ள ஹைன்பெர்க் குன்றின்மேல் தம்முடன் நடந்து வர இயலுமா என்று கேட்டார்.

இருவரும் நடந்தனர். மண்டபத்தில் ஒருவர் மேடையிலும் மற்றவர் கீழேயும் இருந்தனர். குன்றின் பாதையில் மேடை ஏது? அங்கே பேராசிரியர் மனம் திறந்தார். அணுவைப் பற்றிய தம் கருத்துகளைக் கணக்கின் வழியாகத் தாம் அடையவில்லை என்றும், சோதனைகளின் முடிவுகளைப் பார்த்து உள்ளுணர்வால் ஊகித்தவையே பல என்றும் ஒப்புக்கொண்டார். அணுவைப் பற்றிப் பேசும்போது நம் மொழி, கவிதையின் மொழிபோல் குறிப்பால் உணர்த்தத்தான் இயலும் என்றார். உலகம் போற்றும் அறிஞர், இருபது வயது மாணவரிடம், தமக்குத் தெரியாதது எது என்பதைக் கூறினார். அறிவாளிகள் தாம் அறிந்ததைச் சொல்வது இயல்பு. அறியாததைச் சொல்வதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை அந்த வழிநடை தந்தது.

தம் அறிவியல் வாழ்க்கை உண்மையில் அந்தப் பிற்பகலில்தான் தொடங்கிற்று என்னும் கருத்தை ஹைசன்பெர்க் முதுமையில் எழுதி வைத்தார். பிற்பாடு அவர் கோபன்ஹேகன் நகருக்குச் சென்றபோது, நீல்ஸ் போர் அவருடைய அறைக்கே வந்து, ஆய்வுக்கூடத்தில் நெடுநேரம் பேச வாய்ப்பில்லை, சில நாட்கள் நடந்து வருவோம் என்று அழைத்தார். முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு இருவரும் சீலாந்துத் தீவில் நடந்தனர். கடலோரத்துக் குரோன்போர்க் கோட்டையைப் பார்த்தனர். அந்த நடையில் அவர்கள் பேசியது அணுவைப் பற்றி மட்டும் அன்று. முந்திய உலக யுத்தத்தைப் பற்றியும், இரு நாட்டு மக்களின் இயல்பைப் பற்றியும், இளமையைப் பற்றியும் பேசினர். 1925-ஆம் ஆண்டு ஹைசன்பெர்க், குவாண்டம் இயக்கவியலுக்கு அடிகோலிய கட்டுரையை எழுதினார். ஒரு குன்றின்மேல் நடந்ததால் மட்டும் இது விளைந்தது என்று நான் கூறவில்லை. ஒரு மாணவனின் மறுப்பை மதித்து, அவனை உடன் அழைத்து நடந்த பெருந்தன்மைக்கும் அதில் பங்கு உண்டு என்றே கூறுகிறேன்.

உடன் நடந்தால் உயர்வு தாழ்வு மறையும் என்றேன். இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தவர் யார் தெரியுமா? உயர்வு தாழ்வு மறையவே கூடாது என்று எண்ணியவர்கள்தாம். அதனால்தான் அவர்கள் பொது வழியையே அடைத்து வைத்தனர்.

முன்னாளில் திருவிதாங்கூர் சமத்தானத்தில் வைக்கம் என்னும் ஊரில், கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. அதனை எதிர்த்து 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. முதல் நாள் மூன்று தொண்டர்கள் புறப்பட்டனர். ஒருவர் நாயர், ஒருவர் ஈழவர், ஒருவர் புலையர். மூவரும் இணைந்து தடைப்பலகையை நோக்கி நடந்தனர். காவலர் மறித்து அவரவர் சாதியைக் கேட்டனர். நாயர் மட்டும் போகலாம் என்றனர். தம் தோழர் இருவருடன் சேர்ந்தே போவேன் என்று அவர் நின்றார். மூவரும் சிறைப்பட்டனர்.

நண்பர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த நாயர் இளைஞருக்கு அவ்வழி அன்றும் திறந்தேதான் இருந்தது. அவர் வேண்டியது வழி அன்று, வழித்துணை. தனியே நடக்கும் உரிமையைவிட உடன் நடக்கும் உரிமை பெரிது என்று அவர் கருதினார். தமிழ்நாட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. ராமசாமி அங்கே சென்று அப்போராட்டத்தில் ஈடுபட்டு இருமுறை சிறை புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். 1925-ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று பக்கத்து வீதிகள் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டன. கோயிலின் கதவுகள் திறக்க 1936-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நீங்கள் எந்தத் தெருவிலும் எந்த நண்பனின் தோளிலும் கை போட்டு நடந்து செல்கிறீர்கள். அது தானாக வந்த உரிமை அன்று. அந்த உரிமை சென்று சேராத தெரு இன்னும் எங்கேனும் இருக்குமானால், அங்கே முதலில் நண்பனோடு நடக்க வேண்டியவர்களும் நீங்களே.

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, நடந்தாலே நட்பு உண்டாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொன்ன இரு அறிஞர்களின் கதைக்குப் பிற்பகுதி ஒன்று உண்டு. அதனை மறைத்துவிட்டு முன்பகுதியை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது.

1941-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. டென்மார்க்கு நாடு அதற்கு முந்திய ஆண்டிலேயே ஜெர்மானியப் படையின் பிடியில் வீழ்ந்துவிட்டது. நீல்ஸ் போரின் தாயார் யூத குலத்தவர். ஆகையால் அவருக்கு ஆபத்து அருகிலேயே இருந்தது. ஹைசன்பெர்க்கோ, ஜெர்மனியின் யுரேனிய ஆராய்ச்சியில் முதன்மையானவர்களுள் ஒருவர். அவர் கோபன்ஹேகனுக்கு வந்தார். தம் பழைய ஆசானைச் சந்தித்தார். இருவரும் தனியே பேசினர். அணு ஆற்றலை யுத்தத்திற்குப் பயன்படுத்துவது பற்றியது அப்பேச்சு.

அந்தப் பேச்சோடு அவர்களுடைய நட்பு முறிந்தது. யுத்தத்தில் அறிவியலார் இத்தகைய வேலையில் ஈடுபடுவது தகுமா என்னும் அறக்கேள்வியையே தாம் எழுப்ப விரும்பியதாக ஹைசன்பெர்க் பிற்காலத்தில் கூறினார். ஜெர்மனி அணுகுண்டு செய்ய முனைந்திருக்கிறது, அதில் தமக்குப் பங்கு உண்டு என்று அவர் தெரிவித்ததாகவே நீல்ஸ் போர் உணர்ந்திருந்தார். இதனைக் குறித்து அவர் எழுதி, அனுப்பாமலே வைத்துவிட்ட கடித வரைவுகள், அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2002-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. வியப்பு என்னவென்றால், பேசிய இடத்தைப் பற்றியே இருவருக்கும் உடன்பாடு இல்லை. மாலை உலாவின்போது பேசியதாக ஹைசன்பெர்க் நினைவுகூர்ந்தார். தம் ஆய்வுக்கூட அறையில் பேசியதாக நீல்ஸ் போர் எழுதியிருந்தார். 1922-இல் ஒரே குன்றின்மேல் ஒரே வழியில் நடந்தவர்கள், 1941-இல் எங்கே நடந்தோம் என்பதில்கூட ஒன்றுபடவில்லை! யுத்தத்திற்குப் பின்னும் அவர்கள் சந்தித்ததுண்டு. ஆனால் பழைய நெருக்கம் முழுமையாகத் திரும்பவில்லை.

முதல் நடைக்கும் இந்தச் சந்திப்புக்கும் வேறுபாடு என்ன? ஆட்கள் அவர்களே, அறிவும் குறையவில்லை. முதல் நடையில் இருவரும் எதையும் மறைக்கவில்லை. பெரியவர் தம் அறியாமையைக்கூட மறைக்கவில்லை. பின்னாளிலோ, ஒருவர் வெளிப்படையாகச் சொல்ல இயலாத நிலையில் இருந்தார். மற்றவர் நம்பிக் கேட்க இயலாத நிலையில் இருந்தார். குறிப்பாற் சொன்னதை மற்றவர் வேறாகக் கொண்டார். ஆகவே, வழி நமக்குத் தருவது வாய்ப்பு ஒன்றே. அதில் உண்மையை நடக்க விடுவது நம் பொறுப்பு. உள்ளத்தில் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு நூறு கல் உடன் நடந்தாலும், இருவரும் தனித்தனியே நடந்தவர்களே ஆவர்.

இனி, மாணவர்களாகிய உங்களுக்குச் சில சொற்கள். விடுதியில் ஓர் அறையில் நால்வர் இருக்கிறீர்கள். நால்வரும் நான்கு கைப்பேசிகளை நோக்கிக்கொண்டிருக்கும் மாலைப்பொழுதுகள் உண்டு. அந்த நால்வரில் ஒருவன் சில நாட்களாகச் சரியாக உண்ணவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். அவனை எதிரே அமர்த்தி, என்ன குறை என்று வினவாதீர்கள். கடைவரைக்கும் நடந்து வருவோம், வா என்று அழையுங்கள். கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். போகும்போது அவன் பேசாமல் இருக்கலாம். அவனைத் துளைத்துக் கேட்க வேண்டாம். திரும்பி வரும்போது பேசுவான். அன்று பேசாவிட்டால் மூன்றாம் நாள் பேசுவான். அவன் பேசத் தொடங்கியதும் அறிவுரை கூற விரைய வேண்டாம். கேட்டுக்கொண்டே நடப்பதுதான் அப்போது செய்யத் தக்க உதவி.

நண்பனோடு பிணக்கு நேர்ந்ததா? எழுத்தில் வாதிட்டு வெல்ல முயலாதீர்கள். எழுத்தில் குரலின் குழைவு இல்லை. அவனோடு ஒரு கல் தொலைவு நடந்து பாருங்கள். கோபத்தோடு இருவர் நெடுந்தொலைவு இணையாக நடப்பது கடினம். ஒன்று, ஒருவர் முந்திச் சென்றுவிடுவார்; அல்லது இருவர் அடியும் ஒத்துவிடும். அடி ஒத்தபின் சொல் ஒப்பதற்கு நெடுநேரம் ஆகாது.

ஆசிரியர்களோடும் நடந்து செல்லுங்கள். வகுப்பு முடிந்து அவர் செல்லும் வழியில் உடன் சென்று ஐயம் கேட்கும் மாணவனை எந்த நல்லாசிரியரும் வெறுக்கமாட்டார். வகுப்பில் எழாத வினா அங்கே எழும். வகுப்பில் கிடையாத விடையும் அங்கே கிடைக்கும். நாளை நீங்களே ஆசிரியர்களாகவோ அதிகாரிகளாகவோ ஆகும்போது, உங்களை மறுத்துப் பேசும் இளைஞன் ஒருவன் வருவான். அப்போது ஹைன்பெர்க் குன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு நடந்து செல்லுங்கள். தாத்தாவின் நடை தளர்ந்திருக்கலாம். தெருமுனைவரைதான் அவரால் வர இயலலாம். நடக்கவே இயலாதவராயின், அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேப்பமரத்தடி வரை சென்று வாருங்கள். தொலைவு முக்கியம் அன்று. அவர்கள் உள்ளத்தில், கேட்பார் இன்றிக் கிடக்கும் செய்திகள் எத்தனையோ! பள்ளிக்கூடத் தெருவைத் தவிர்த்துச் சென்ற சிறுவன் ஒருவன் அவர்களுக்குள்ளும் இருக்கக் கூடும்.

தொடக்கத்தில் சொன்ன ஏரிக்கரைக்கு மீண்டும் வருகிறேன். கைகாட்டி மரம் தெரிந்ததும் தந்தையார் பேச்சை நிறுத்தினார் என்றேன். விடுமுறையில் வந்ததும் மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். விடுமுறைகள் வந்தன. ஆனால் அப்போது ஊருக்குப் பேருந்து வந்துவிட்டது. பெட்டியைச் சுமந்து நடக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று. அவர் திண்ணையில் இருந்தார். நான் உள்ளே இருந்தேன். கேட்க வேண்டியதை நான் கேட்கவே இல்லை. அவரும் இப்போது இல்லை.

பேருந்தைக் குறை கூறவில்லை. பேருந்து வந்த பிறகும் ஏரிக்கரை அங்கேயேதான் இருந்தது. அப்பா, கரைவரைக்கும் நடந்து வரலாமா என்று ஒரு நாள் நான் அழைத்திருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு இன்று மாலையே தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.